டிக்டோக்கில் முகம் காட்டினால்தான் உதவி வருமா? (மலேசியா, பேராக், சுங்கை சிப்புட் டயாலிசிஸ் குடும்பம்)

சிப்புட்_பையன்:

வணக்கம். ஊரில் இருப்பவர்களிடமும் இங்கிருந்து கேஎல் (கோலாலம்பூர்), ஜொகூர், சிங்கப்பூர் என்று போய்விட்டவர்களிடமும் ஒரு யோசனை கேட்க வேண்டும்.

டவுனுக்கு வெளியே ஒரு தோட்டம், பெயர் வேண்டாம். பழைய லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) ஒரு குடும்பம் இருக்கிறது. அப்பா பால்மரம் (ரப்பர்) வெட்டியவர், பிறகு செம்பனை (எண்ணெய்ப் பனை) குலை வெட்டியவர். இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) முற்றி ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள், கிட்னியும் போய்விட்டது. செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று முறை டயாலிசிஸ். ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம் மெஷினில் படுத்திருக்க வேண்டும். பக்கத்தில் இடம் கிடைக்காமல் ஈப்போவில்தான் கிடைத்தது, போக மட்டுமே ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். அம்மா பள்ளிக் கேண்டீனில் வேலை பார்க்கிறார். ஒரே மகள், படிவம் 2 படிக்கிறாள். மெஷின் செலவுக்கு எப்படியோ வழி பண்ணிவிட்டார்கள். கார் வாடகைதான் ஆளைக் கொல்கிறது.

எங்கள் இளைஞர் குழுவில் டிக்டோக்கில் நல்ல கூட்டம் வைத்திருக்கும் ஒரு நண்பர் இருக்கிறார். லயத்துக்கே போய் லைவ் போடலாம், அம்மா நாலு வார்த்தை பேசினால் ஒரே ராத்திரியில் ஒரு வருஷ வாடகை சேர்ந்துவிடும் என்கிறார். குழுவில் பாதிப் பேருக்குச் சம்மதம், பாதிப் பேருக்கு மனசு ஒப்பவில்லை. நான் நடுவில் நிற்கிறேன். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

செம்பனைக்காட்டான்:

தம்பி, கோபப்படாமல் கேள். முகம் காட்டாத பதிவுக்குக் காசு வராது. எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஒருவருக்கு இதய ஆபரேஷன் என்று போஸ்டர் போட்டோம், வெறும் எழுத்தும் வங்கி எண்ணும்தான். கைகூப்புகிற பொம்மை போட்டவர்கள்தான் அதிகம். அதே ஆளைக் கட்டிலில் படுத்தபடி ஒரு நிமிஷம் பேச வைத்து வீடியோ போட்டோம், மூன்றாம் நாள் 'போதும், அனுப்பாதீர்கள்' என்று நாங்களே சொல்ல வேண்டியதாயிற்று. ஜனங்கள் ஏமாந்து ஏமாந்து சலித்துப்போயிருக்கிறார்கள், கண்ணால் பார்த்தால்தான் நம்புவார்கள். கௌரவம் எல்லாம் கால் ஊன்றி நின்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஓய்வு_டீச்சர்:

படிவம் 2 படிக்கும் பெண் பிள்ளை இருக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். மற்றவர்கள் அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டார்கள், என்னால் முடியவில்லை.

நான் பணியில் இருந்தபோது ஒரு மாணவியின் அம்மாவை இப்படித்தான் அழ வைத்து வீடியோ போட்டார்கள். நல்ல மனசோடு போட்டார்கள், அதில் சந்தேகம் இல்லை. பணமும் வந்தது. வகுப்புப் பையன்கள் அந்த வீடியோவில் அம்மா முகத்தைத் துடைக்கும் இடத்தை மட்டும் வெட்டி வாட்ஸ்அப் ஸ்டிக்கர் ஆக்கிவிட்டார்கள். வீட்டுப்பாடம் செய்யவில்லையா, அந்த ஸ்டிக்கர். பந்து விளையாட்டில் தோற்றார்களா, அந்த ஸ்டிக்கர். அவள் முதலில் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் இருந்து விலகினாள். பிறகு திங்கட்கிழமை சபைகூடலுக்கு வராமல் கழிவறைப் பக்கம் நின்றாள். அப்புறம் பள்ளிக்கே வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் பேசிக் கூட்டி வர வேண்டியிருந்தது. வந்த பணம் தீபாவளிக்கு முன்பே செலவாகிவிட்டது. ஸ்டிக்கர் அவள் எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) எழுதும் வரைக்கும் சுற்றியது.

செம்பனைக்காட்டான்:

டீச்சர், அதற்கு அந்தப் பையன்களைத்தானே கண்டிக்க வேண்டும்? உதவி கேட்டவர்கள் மேல் என்ன தப்பு?

ஓய்வு_டீச்சர்:

கண்டித்தோம். பெற்றோரையும் கூப்பிட்டோம். ஏழெட்டுக் குழுக்களுக்குப் போய்விட்ட படத்தை யாரைக் கூப்பிட்டுக் கண்டிப்பது? அந்த அம்மா சம்மதம் கொடுத்தார் என்று சொன்னார்கள். அரிசிக்குக் காசில்லாத வீட்டில் ஐந்து பேர் கேமராவோடு போய் நின்று 'சம்மதமா ஆண்டி' என்று கேட்டால் யார் மாட்டேன் என்பார்கள்?

கணக்கப்பிள்ளை:

முகத்தைப் பற்றிப் பேசி முடியுங்கள். நான் வேறொன்று கேட்கிறேன்: பணம் யார் கணக்கில் விழப்போகிறது? டிக்டோக் நண்பர் கணக்கில் என்றால் இப்போதே நிறுத்துங்கள். அவர் நல்லவராகவே இருக்கட்டும். திடீரென்று நூறு இடத்தில் இருந்து சின்னச் சின்னத் தொகை ஒரு தனியாள் கணக்கில் கொட்டினால் வங்கி கேள்வி கேட்கும், கணக்கை முடக்கினாலும் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. அன்றைக்குக் குடும்பமும் அம்போ, நண்பரும் அம்போ.

பதிவு பெற்ற சங்கம், இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்ற கணக்கு, அதுதான் நல்லது. உங்களிடம் அது இல்லையென்றால் பதிவுள்ள ஒரு கோயில் நிர்வாகத்தையோ சங்கத்தையோ கேளுங்கள். அதுவும் இல்லை என்றால் நேராக மனைவியின் பேரில் வாங்குங்கள், நடுவில் ஆள் வேண்டாம்.

போஸ்டரில் டூயிட்நவ் (பணம் அனுப்பும்) கியூஆர் போடும்போது கணக்குக்காரர் பெயரையும் எழுத்தில் போடுங்கள். ஏனென்றால் போஸ்டரை எடுத்து கியூஆரை மட்டும் மாற்றி ஒட்டி அனுப்புகிற திருட்டுக்கூட்டம் இருக்கிறது. ஸ்கேன் செய்ததும் போனில் ஒரு பெயர் வரும், அது போஸ்டரில் உள்ள பெயரோடு பொருந்துகிறதா பார்த்துவிட்டு அழுத்துங்கள் என்று ஒரு வரி சேர்க்கலாம். சந்தேகப்படுகிறவர்கள் போலீசின் செமாக் மியூல் என்ற மோசடிக் கணக்குச் சரிபார்ப்புப் பக்கத்தில் கணக்கு எண்ணைத் தட்டிப் பார்க்கலாம். ஏமாந்துவிட்டால் உடனே மோசடிப் புகார் எண் 997க்கு அடிக்க வேண்டும், நாளைக்கு என்று தள்ளினால் பணம் கைமாறிவிடும்.

இன்னொன்று. குழுவில் யாராவது 'பாசார் மாலத்தில் (இரவுச் சந்தையில்) டின் குலுக்கலாம்' என்று கிளம்புவார்கள், எப்போதும் ஒருவர் கிளம்புவார். தெருவிலும் வீடு வீடாகவும் வசூல் செய்ய 1947ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது, போலீஸ் அனுமதி வாங்காமல் இறங்காதீர்கள். வரிக்கழிவு கிடைக்கும் என்றும் வாக்குக் கொடுக்காதீர்கள். வருமான வரிச் சட்டம் 44(6) பிரிவில் அங்கீகாரம் வாங்கிய அமைப்பு கொடுக்கும் ரசீதுக்குத்தான் கழிவு, அதுவும் தனிநபருக்கு மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரைதான்.

கேஎல்_டிரைவர்:

இவ்வளவு ரூல்ஸ் படித்தால் யாரும் யாருக்கும் உதவ மாட்டார்கள் போலிருக்கிறதே லா.

கணக்கப்பிள்ளை:

உதவுவார்கள். கணக்கு காட்டினால் இரண்டாவது தடவையும் உதவுவார்கள்.

பழைய_கிராணி:

கணக்குத் தம்பி சொன்னதில் எனக்குப் பழசு ஞாபகம் வந்தது. வாட்ஸ்அப், டிக்டோக் எதுவும் இல்லாத காலத்தில் இந்த ஊர்க்காரர் ஒருவர்தான் நாட்டிலேயே பெரிய வசூலை நடத்தினார். அமைச்சராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன், 1919இல் இங்கே பிறந்தவர். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டத்தை விற்றுவிட்டுக் கிளம்ப, வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்ற காலம் அது. தோட்டத் துண்டாடல் என்று பேப்பரில் தினம் வரும். ஆட்களுக்கு வேலையும் போகும், லயமும் போகும். 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாக நடந்து, பத்துப் பத்து வெள்ளியாகத் தொழிலாளிகளிடமே சேர்த்தார். மறு வருஷமே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கிவிட்டது.

அதற்கும் முன்னால், 1950களில், மலாயாப் பல்கலைக்கழக இந்திய இயல் துறைக்காகத் தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டினார். பேப்பரே அன்றைய முகநூல். பல்கலைக்கழக வாசலை மிதிக்காத தோட்டத்து ஆளும் கொடுத்தான்.

ஐயோ பாவம் என்று கேட்ட வசூல்கள் இல்லை இவை. 'உன் பணத்தில் இது நடக்கப்போகிறது' என்று சொல்லிக் கேட்டார்கள். சிப்புட் பையன், நீங்களும் என்ன நடக்கப்போகிறது என்று முதலில் தெளிவாக்குங்கள். ஒரு வருஷ வாடகை என்கிறீர்கள். அடுத்த வருஷம்? மறுபடி அந்த அம்மாவை அழ வைப்பீர்களா?

பாரம்நிரப்பி:

எல்லாரும் பணத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் வாரக் கடைசியில் மக்களுக்கு விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கொடுக்கிறவள், கோபம் வந்துவிட்டால் மன்னிக்கவும். என் அனுபவத்தில், ஊரில் சுற்றுகிற உதவி வேண்டுகோள்களில் பாதி, யாராவது சரியான கவுண்டருக்குக் கூட்டிப் போயிருந்தால் தேவைப்பட்டே இருக்காது.

அப்பாவுக்கு என்ன வயசு? தோட்டத்தில் பெர்கேசோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தா) பிடித்தார்களா? பிடித்திருந்தால் இலாட் (இயலாமை) பென்சனுக்கு விண்ணப்பித்தார்களா? அது அறுபது வயதுக்கு முன்னால் கேட்க வேண்டியது, தள்ளிப்போட்டால் கதவு மூடிவிடும். டயாலிசிஸுக்கும் பெர்கேசோ உதவி உண்டு, அது கிடைக்கிறதா என்று பாருங்கள். கால் எடுத்தவருக்கு ஓகேயு (மாற்றுத்திறனாளி) அட்டை இருக்கிறதா? ஜேகேஎம் (சமூகநல இலாகா) மாத உதவி கேட்டாயிற்றா? அரசாங்க மருத்துவமனையில் மருத்துவ சமூகப் பணிப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது, மலாயில் கெர்ஜா சோசியல் பெருபாத்தான் என்று போர்டு போட்டிருக்கும். அங்கே உட்கார்ந்து பேசினீர்களா? தோட்டத்து ஆட்கள் அந்தப் போர்டைத் தாண்டிப் போய் மருந்து மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். கேட்டால் 'அது வேறு ஆளுக்கு என்று நினைத்தேன்மா' என்பார்கள்.

டிக்டோக் நண்பருக்கு உண்மையில் உதவ ஆசை என்றால், இலாட் பென்சனுக்கு என்னென்ன பேப்பர் வேண்டும், எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று நல்ல தமிழில், தோட்டத்துப் பேச்சில், ஒரு நிமிஷம் பேசச் சொல்லுங்கள். இந்த ஒரு வீட்டுக்கு மட்டும் இல்லை, பேராக் முழுக்க எத்தனையோ வீட்டுக்கு உதவும்.

கேஎல்_டிரைவர்:

பாரம் எல்லாம் சரி அக்கா. வருகிற செவ்வாய்க்கிழமை காலையில் அவரை யார் ஈப்போவுக்குக் கொண்டு போவது?

பாரம்நிரப்பி:

நியாயமான கேள்விதான். பாரத்துக்கு மாசக்கணக்கில் ஆகும், ஒப்புக்கொள்கிறேன். அதுவரை கார் வேண்டும்.

விளம்பரக்காரி:

நான் சிப்புட்டில் வளர்ந்தவள், இப்போது கேஎல்லில் விளம்பர வேலை. சோப்பு விற்கிற மூளையைக் கொஞ்சம் இதற்கும் தருகிறேன்.

டிரைவர் அண்ணன் கேள்வியில்தான் விடை இருக்கிறது. அந்தக் குடும்பத்துக்குத் தேவை கார். நாம் காரைக் கேட்காமல் பணத்தைக் கேட்கிறோம், பணத்தைக் கேட்கப் போவதால்தான் கண்ணீர் தேவைப்படுகிறது. நேராகக் காரையே கேளுங்கள். வாரம் மூன்று நாள், போக ஒன்று வர ஒன்று, மாதத்துக்கு 26 ஓட்டம் வரும். 26 பேர் மாதம் ஒரு தடவை ஓட்டினால் வாடகையே இல்லை. சிப்புட்டிலும் ஈப்போவிலும் கார் வைத்திருக்கும் 26 தமிழர்கள் இல்லையா? காலையில் ஈப்போவுக்கு வேலைக்குப் போகிறவர்களே எத்தனை பேர்!

இதற்கு லட்சம் வியூ வேண்டியதில்லை. ஜொகூரில் இருக்கிறவர் அந்த வீடியோவைப் பார்த்து அழுது என்ன பயன், அவரால் செவ்வாய்க்கிழமை வர முடியுமா? ஊர்க் குழுக்கள் போதும்: கோயில் குழு, பள்ளிப் பெற்றோர் குழு, பேட்மிண்டன் குழு. வாட்ஸ்அப் 2019லேயே ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடத்துக்கு மேல் பகிர முடியாது என்று ஆக்கிவிட்டது. மறு வருஷம், ஏற்கெனவே பல கை மாறிய செய்தியை ஒரு தடவைக்கு ஒரு இடத்துக்குத்தான் அனுப்பலாம் என்று இன்னும் இறுக்கியது. அதனால் பத்துப் பேர் உட்கார்ந்து, தங்கள் பெயரோடு, தங்களுக்குத் தெரிந்த குழுவில் தாங்களே தட்டச்சு செய்து போடுங்கள். 'பலமுறை பகிரப்பட்டது' என்று இரட்டை அம்பு விழுந்த செய்தியை நானே படிப்பதில்லை.

வாசகம் இப்படி இருக்கலாம், வேண்டுமானால் மாற்றிக்கொள்ளுங்கள்:

'சுங்கை சிப்புட்டில் இருந்து ஈப்போவுக்கு டயாலிசிஸ் போகும் ஒருவரை ஏற்றிச் செல்லக் கார் வேண்டும். செவ்வாய், வியாழன், சனி. காலை 6.15க்கு ஏற்ற ஒருவர், 11.30க்குத் திரும்பக் கூட்டி வர ஒருவர். மாதம் ஒரு தடவை வந்தால் போதும். சக்கர நாற்காலியை மடக்கலாம். பெட்ரோல் காசு குழு தரும். இந்த மாதக் கடைசி வரை பெயர் கொடுக்கலாம். அதற்குப் பிறகு இதை யாருக்கும் அனுப்ப வேண்டாம்.'

கடைசி வரி ரொம்ப முக்கியம். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா நேரத்தில் நான் செய்திகளைச் சரிபார்க்கும் வேலையில் உதவினேன். 'கூரை மேல் குழந்தையோடு நிற்கிறார்கள்' என்ற செய்தி வரும். போன் அடித்தால் 'நேற்றே மீட்டுவிட்டார்கள்' என்பார்கள். தேதி இல்லாத செய்தி சாகவே சாகாது. உண்மையில் கூரை மேல் நிற்கிறவருக்குப் போக வேண்டிய படகு அங்கே போய் வரும். எனவே தேதி போடுங்கள், ஆள் சேர்ந்ததும் அதே குழுக்களில் 'முடிந்தது, நன்றி' என்று போடுங்கள்.

முகம் இல்லாமல் நம்புவார்களா என்று செம்பனை அண்ணன் கேட்டார். அதே 2021இல், ஜூன் கடைசியில், கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டு நேரத்தில் வெள்ளைக்கொடி இயக்கம் வந்ததே. சாப்பாடு இல்லாத வீட்டுக்காரர் வாசலில் வெள்ளைத்துணி கட்டினால் போதும், அக்கம்பக்கத்தார் அரிசி, முட்டை கொண்டு வந்து வைத்தார்கள். யாரும் யாரையும் பேட்டி எடுக்கவில்லை. செய்தி பரவியது சமூக ஊடகத்தில், உதவி வந்தது பக்கத்து வீட்டில் இருந்து.

செம்பனைக்காட்டான்:

வெள்ளைக்கொடி வேறு தங்கச்சி. அது பக்கத்து வீடு, கண்ணால் பார்க்கிறோம். அதிலும் அரிசி மூட்டையோடு செல்ஃபி எடுத்தவர்களை நான் பார்த்தேன்.

டூரியான்_தோப்பு:

முகம் காட்டித்தான் ஆக வேண்டும் என்றால் கொடுக்கிறவர் முகத்தைக் காட்டுங்களேன். 2014 ஐஸ் பக்கெட் சேலஞ்ச் ஞாபகம் இருக்கிறதா? தலையில் ஐஸ் தண்ணீர் கொட்டிக்கொண்டு அடுத்த ஆளை இழுத்துவிடுவது. அந்த வீடியோக்களில் பெரும்பாலும் நோயாளியே இல்லை, நனைந்தவர்கள்தான் இருந்தார்கள். ஏஎல்எஸ் என்கிற நரம்பு நோய்க்காக அமெரிக்க ஏஎல்எஸ் சங்கத்துக்கு மட்டும் 115 மில்லியன் டாலர் வந்தது. சும்மா கூத்து என்று சொன்னார்கள், ஆனால் அந்தப் பணம் உதவிய ஓர் ஆய்வு 2016இல் அந்த நோயோடு தொடர்புள்ள ஒரு மரபணுவை அடையாளம் காட்டியது. நாமும் ஓட்டுநர்கள் ஒருவரை ஒருவர் சவால் விடலாம்.

பழைய_கிராணி:

கொடுக்கிறவர் முகமா! நம்மிடம் அதற்கா பஞ்சம்? கதவு அகலத்துக்கு அட்டைச் செக், பின்னால் பேனர், பக்கத்தில் ஏழு தலைவர்கள், ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு நோயாளி. இருந்தாலும் ஓட்டுகிறவர்கள் சவால் விடுவது நல்ல யோசனைதான், மறுக்கவில்லை.

கணக்கப்பிள்ளை:

கார் யோசனைக்கு என் ஓட்டு. ஆனால் நோயாளி வீட்டில் இருந்து ஒரு சென் வாங்கக்கூடாது. வாங்கினால் வாடகை ஓட்டம் ஆகிவிடும், பிஎஸ்வி (வாடகை வண்டி ஓட்டும்) லைசன்ஸ் எங்கே என்று கேட்பார்கள். பெட்ரோல் காசு குழுவில் இருந்து போகட்டும், ரசீதைப் படம் எடுத்துக் குழுவில் போட்டுவிட வேண்டும்.

சிப்புட்_பையன்:

எல்லாருக்கும் நன்றி, நடந்ததைச் சொல்கிறேன். கேமரா இல்லாமல் நானும் குழுவில் இரண்டு அக்காக்களும் வீட்டுக்குப் போனோம். அம்மா லைவ் என்றதும் தலையாட்டிவிட்டார், டீச்சர் சொன்னதுபோலத்தான். அப்பாதான் 'பாப்பா பள்ளிக்கூடத்தில் பார்ப்பாங்க, வேணாம்' என்றார். கார் கேட்கலாமா என்றதற்கு, 'ஓட்டறவங்களுக்கு எண்ணெய்க் காசு குடுங்க, சும்மா வாங்கினா எனக்குக் கூச்சமா இருக்கும்' என்றார். அவருக்கு 57 வயது. பெர்கேசோ பிடித்திருக்கிறார்கள், இலாட் பென்சன் என்ற பெயரையே அவர் கேள்விப்பட்டதில்லை. பாரம்நிரப்பி அக்கா திங்கட்கிழமை அவரோடு போகிறார்.

வாசகத்தை ஊர்க் குழுக்களில் போட்டோம். 26 ஓட்டத்தில் 19க்கு ஆள் வந்துவிட்டார்கள். பெட்ரோலுக்கு ஒரு கோயில் நிர்வாகம் தன் கணக்கைத் தர ஒத்துக்கொண்டது, வரவு செலவை மாதம் ஒரு தடவை அவர்கள் நோட்டீஸ் போர்டில் ஒட்டுவார்கள், குழுவிலும் போடுவோம். டிக்டோக் நண்பர் முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அப்புறம் அவரே, மைவி காரின் பின்பக்கத்தில் சக்கர நாற்காலியை எந்தப் பக்கம் சாய்த்து ஏற்றுவது என்று ஒரு வீடியோ எடுத்தார். நாற்காலி காலி, ஆள் யாரும் இல்லை. அவர் பக்கத்தில் இந்த மாதம் அதிகம் பார்க்கப்பட்டது அதுதான். 'எங்கப்பாவுக்கும் இப்படித்தான் ஏத்தணும், இத்தனை நாள் தெரியல' என்று கீழே வரிசையாக எழுதுகிறார்கள். அடுத்தது பென்சன் பாரம் பற்றி எடுக்கப்போகிறார்.

சனிக்கிழமைத் திரும்பும் ஓட்டம்தான் காலியாகக் கிடக்கிறது. எல்லாருக்கும் கல்யாணம், காதுகுத்து, ஏதாவது இருந்துவிடுகிறது.

செம்பனைக்காட்டான்:

வீடியோ விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான், பெரிய ஆபரேஷன் செலவு வரும்போது பாருங்கள். சனி மதியம் ஒன்று எனக்குப் போடு தம்பி. என் வண்டி ஹைலக்ஸ் பிக்கப், நாற்காலி பின்னால் கிடக்கும். ஆனால் ஏறும் இடம் உயரம், அவரைத் தூக்கி உட்கார வைக்க இன்னொரு ஆள் வேண்டும்.

சிப்புட்_பையன்:

நான் வருகிறேன் அண்ணே.

கணக்கப்பிள்ளை:

பெட்ரோல் ரசீது மறக்க வேண்டாம். டீசல் என்றாலும் ரசீது ரசீதுதான்.